ஹேண்டல் ஆட்டம்: டயரா, கோன் செட்டா, ரோலரா, டேம்பரா?

சுங்கை சிப்புட் பக்கம் பெரிய டூரிங் மோட்டார் வெச்சிருக்கவங்க கிட்ட பேசினா இந்தப் பேச்சு வராம இருக்காது, ஹைவேல இருந்து இறங்கி திரோட்டல விடுறப்ப 70, 60 கிட்ட வந்ததும் ஹேண்டல் கோயாங் அடிக்குது, கைய இறுக்கிப் புடிச்சா நிக்குது, லேசா விட்டா திரும்ப ஆரம்பிக்குது. இதுவே வேகமா போறப்ப வண்டி மொத்தமா நெளிஞ்சா அது வேற கேஸ், டாப் பாக்ஸ் லோடு, பின் டயரு, ஸ்விங்ஆர்ம் (பின் வீல புடிச்சிருக்கற கை) பேரிங் அந்தப் பக்கம் பாருங்க.

காசு எடுக்கறதுக்கு முன்னாடி காத்த செக் பண்ணிட்டு நடு ஸ்டாண்டு போட்டு முன் வீல தூக்குங்க. ஃபோர்க்க கீழ புடிச்சு முன்னயும் பின்னயும் இழுத்தா டொக்குன்னு கேட்டா கோன் செட், அதாவது ஹேண்டல் திரும்புற கழுத்து பேரிங், லூசு. அப்புறம் ஒரே விரலால ஹேண்டல மெதுவா திருப்புங்க, நேரா வர்ற எடத்துல டக்குனு உக்காந்து நின்னா அந்த பேரிங்ல பந்து ஓடுற வளையத்துல, அதாவது ரேஸ்ல, தடம் விழுந்துடுச்சு, டைட் பண்ணி பிரயோஜனம் இல்ல. டயர் மேல உள்ளங்கைய ஓட்டுங்க, ஒரு பக்கம் வழுக்கிட்டுப் போய் திருப்பி ஓட்டினா பல்லு பல்லா தட்டினா டயரும் போச்சு.

புது டயர் போட்டா பாதிப் பேருக்கு அன்னிக்கே ஆட்டம் நின்னுடும், ஏன்னா ஆட்டத்த கிளப்பி விடுறது பெரும்பாலும் டயருதான். ஆனா பேரிங் தடம் அப்படியே இருந்தா அந்த டயரு தேய ஆரம்பிச்சதும் பழைய குருடி கதவத் திறடிதான்.

ஹேண்டல் ஆட்டத்த அடக்க மாட்டுற டேம்பர் எனக்குப் புடிக்கல. நோய மறைக்கும், தீர்க்காது, பசார் கூட்டத்துல யூ-டர்ன் போட்டா கையும் வலிக்கும்.

உண்மையான போட்டி கோன் செட்டுல இருக்கற பந்துக்கும் அதுக்கு பதிலா போடற ரோலருக்கும்தான். பந்து ரேஸ ஒரு புள்ளிலதான் தொடும், டேப்பர் ரோலர் நீளமா ஒரு கோடா தொடும், அதனால பாரம் பரவும், சீக்கிரம் தடம் விழாது, கொஞ்சம் இறுக்கம் இருக்கறதால ஆட்டமும் அடங்கும். தடம் விழுந்தா செம்பனை லோரி போய்ப் போய் குழியான தோட்டத்து ரோட்டத்தான் எல்லாரும் திட்டுறோம், ஆனா ஹைவேல நேரா போய்க்கிட்டே இருக்கறதும் பேரிங்குக்கு எமன், ஹேண்டல் திரும்பாம பந்து ஒரே எடத்துல நடுங்கி நடுங்கி கிரீஸ வெளிய தள்ளிட்டு இரும்பும் இரும்பும் உரசும். ரெண்டு ரோட்லயும் ஓடுற நமக்கு என் ஓட்டு ரோலருக்கு.

ஒரே சிக்கல், ரோலர் போடறது பொறுமையான வேலை. ஸ்டெம் (ஹேண்டலோட திரும்புற தண்டு) அடியில இருக்கற பழைய ரேஸ ஸ்டெம்முக்கு கீறல் விழாம கழட்டணும், ரோலர இறுக்கி உக்கார வெச்சு, தளர்த்தி, மெனுவல்ல சொன்ன மாதிரி திரும்ப செட் பண்ணணும். கூடுதலா இறுக்கிட்டா மெதுவா போறப்ப வண்டி நேரா நிக்காது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு அலையும், ஆட்டமே தேவலன்னு ஆயிடும். கொஞ்சம் ஓடினப்புறம் ரேஸ் படிஞ்சு திரும்ப லூசாகும். அதனால போமன் (மெக்கானிக்) கிட்ட ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு திரும்ப செட் பண்ணித் தருவீங்களான்னு மொதல்லயே கேளுங்க, "அதெல்லாம் தேவையில்ல லா"ன்னு சொன்னா பேசாம பந்து செட்டே போட்டுட்டு வந்துடுங்க.