22 வெள்ளைத் துண்டுகளில் மிச்சம் 19: எண் கோல்கள், மூன்று மாதத்துக்குப் பிறகு

பத்து வயது மகள் கணக்குப் பழகுவதற்காக இந்த எண் கோல்களை வாங்கினேன். குயிசனேர் கோல்கள் என்று தேடினால் கிடைக்கும். ஜார்ஜ் குயிசனேர் என்ற பெல்ஜியப் பள்ளி ஆசிரியர் உருவாக்கியது. என் பெட்டியில் 74 மரத்துண்டுகள். வெள்ளை 1 செ.மீ., ஆரஞ்சு 10 செ.மீ., நடுவில் நீளத்துக்கு ஒரு நிறம். எதன் மேலும் எண் கிடையாது. திறந்ததும் ‘ஒரு கோடுகூடப் போடலையே’ என்று எரிச்சலாக வந்தது. இதன் சரக்கே அதில்தான் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

மகள் மக்கு இல்லை. ஆனால் கணக்குப் பரீட்சை அன்று காலையில் வயிற்றுவலி வந்துவிடும். நடிப்பில்லை, நிஜமாகவே வலிக்கும். வீட்டில் நான் பக்கத்தில் உட்கார்ந்தால் நோட்டைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் புருவத்தை லேசாகத் தூக்கினால் போதும், “இல்ல இல்ல, ஏழு” என்று விடையை மாற்றுவாள். எனக்கும் அந்த வயதில் கணக்கு என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவினால் பிள்ளைகள் அந்த வருடம் கணக்கைக் குறைவாகத்தான் கற்கிறார்கள் என்று 2015இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. என் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து எழுதியதோ என்று இருந்தது.

இரண்டாவது வாரம், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லி வீட்டுப்பாடம். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதினாள். நான் வாயைத் திறக்கவில்லை. (எனக்கு அதுதான் பெரிய பரீட்சை.) ஆரஞ்சை எடுத்து வைத்தேன். “இது ஒண்ணுன்னா, அரை எது?” மஞ்சள். “அஞ்சுல ரெண்டு?” ஐந்து சிவப்பை ஆரஞ்சின் மேல் அடுக்கினாள், அதில் இரண்டுக்குச் சமமான ஊதாவை எடுத்து மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊதா ஒரு வெள்ளை அளவு குட்டை.

“அம்மா, அரையோட இன்னும் சேர்த்திருக்கோம். எப்படிம்மா குறையும்?”

அப்புறம் அவளே துழாவி கரும்பச்சையை எடுத்தாள். அது ஒன்று என்றால் அரை இளம்பச்சை, மூன்றில் ஒன்று சிவப்பு. இரண்டையும் ஒட்டி வைத்தாள், கடைசியில் ஒரு வெள்ளைக்கு இடம் இருந்தது. “ஆறுல ஒண்ணு பாக்கி. அப்ப ஆறுல அஞ்சு.” இதற்குள் ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

‘மனசுல எட்டு, கையில மூணு’ என்று கூட்டுவோமே, பயம் வந்தால் அந்த எட்டு உட்காரும் இடத்தில் பயம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் தெரிந்தது பரீட்சையில் காணாமல் போவதற்கு உளவியலாளர்கள் சொல்லும் காரணம் ஏறக்குறைய இதுதான். கோல் இருந்தால் எட்டு மேஜை மேல் கிடக்கும், மனசில் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. இரவு விளக்கில் கரும்பச்சையும் கறுப்பும் ஒன்றாகத் தெரிகின்றன. நிறம் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளை என்றால் யோசித்து வாங்குங்கள். நூறைத் தாண்டிய கணக்குக்கு இது சரிப்படாது, மேஜையும் போதாது. எப்போதும் கரும்பச்சையையே ‘ஒன்று’ ஆக்கியதில் “இளம்பச்சைன்னா அரை” என்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். அது என் தப்பு, இப்போது தினமும் ‘ஒன்று’ எது என்பதை மாற்றுகிறேன். கூடவே வந்த கையேட்டில் ‘ஒரு நிமிடத்தில் எத்தனை?’ என்று பக்கம் பக்கமாகப் போட்டி. எந்தப் பயம் போக வேண்டும் என்று வாங்கினேனோ அதையே பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன்.

மதிப்பெண் பெரிதாக ஏறிவிடவில்லை. போன மாதம் வயிற்றுவலி இல்லை, இந்த மாதம் ஒரு தடவை வந்தது. பரீட்சைக்குக் கோலைக் கொண்டுபோக முடியாது என்பதால், விடைத்தாள் ஓரத்தில் பென்சிலால் குட்டிக் குட்டிக் கட்டைகள் வரைந்துகொள்கிறாள்.

வாங்குவதாக இருந்தால் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையது ஒரு தடவை கவிழ்ந்தது, மூன்று வெள்ளைகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.