எம்ப்ராய்டரி போட்ட கிரேசி குவில்ட்: முடிச்சா, கைத்தையலா, மெஷினா?

பல வடிவத் துணித்துண்டுகளைத் தாறுமாறாக ஒட்டுப்போட்டு, மேலே எம்ப்ராய்டரி செய்கிற போர்வைதான் கிரேசி குவில்ட். அதன் மேல்பக்கம் முடிகிற வரைக்கும் யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது, எந்த நிற நூல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். முடித்துத் தரையில் விரித்துவிட்டு, இதை அடித்துணியோடு எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால் அத்தனை பேரும் காணாமல் போய்விடுவார்கள். நான் கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தே தைக்கிறவள். அம்மாவின் பழைய பட்டுச்சேலைகள், டெய்லர் கடை ஜாக்கெட் வெட்டுத்துண்டுகள், கொஞ்சம் வெல்வெட், கண்ணாடி பதித்த லம்பாடி வேலைப்பாட்டுத் துண்டு ஒன்றிரண்டு, இதெல்லாம் சேர்த்துக் கட்டில் அளவுக்கு ஒன்று தைத்து, கடைசியில் வரிசையாகத் தையல் ஓட்டாமல், அடுக்குகளை அங்கங்கே நூலால் முடிச்சுப் போட்டு முடித்தேன். அதனால் நான் முடிச்சுக் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

சாதாரண குவில்ட்டில் மேலே ஓடுகிற தையலுக்கு இரண்டு வேலை. நடுவில் இருக்கும் பஞ்சு நகராமல் பிடிக்க வேண்டும், பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும். கிரேசி குவில்ட்டில் இரண்டாவது வேலையே கிடையாது. ஃபெதர் ஸ்டிட்ச், ஹெர்ரிங்போன், பிரெஞ்சு நாட் என்று எம்ப்ராய்டரித் தையல்கள் ஏற்கெனவே இடமில்லாமல் நிறைந்திருக்கிற துணியில் இன்னொரு தையல் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? ஆக, அடுக்குகளைப் பிடித்து வைத்தால் போதும். அமெரிக்காவில் 1876 ஃபிலடெல்ஃபியா உலகக் கண்காட்சிக்குப் பிறகு, 1880களில் இந்த மோகம் உச்சத்தில் இருந்தபோது பட்டிலும் வெல்வெட்டிலும் செய்தவர்கள் பெரும்பாலும் நடுவில் பஞ்சே வைக்கவில்லை. கூடத்தில் சோபாமேல் பார்வைக்குப் போட்டு வைக்கிற துணிக்குப் பஞ்சு எதற்கு? அடித்துணியோடு அங்கங்கே கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மெஷினை முதலில் முடித்துவிடுகிறேன். வேகம், மலிவு, உறுதி என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் தெருமுனை டெய்லரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணாடியெல்லாம் பிரிச்சி எடுத்துட்டு வாங்கக்கா, அப்புறம் ஓட்டித் தர்றேன்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஊசி கண்ணாடியிலோ மணியிலோ பட்டால் ஊசி போகும், இல்லை கண்ணாடி போகும். மெஷின் கால் லேசி டெய்சி என்கிற பூவிதழ்த் தையலின் வளையத்துக்குள் மாட்டினால் பூவே பிய்ந்து வரும். வெல்வெட்டில் கால் அழுத்தின தடமும் நின்றுவிடும். மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் என்ற மெஷின் காலைப் போட்டால் துணி இழுபடுவது குறையும் என்பார்கள். சாதா காட்டனில் அது உண்மை. எம்ப்ராய்டரி அடர்ந்த துணியில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. காட்டன் துண்டுகள், தட்டையான தையல், குழந்தைக்கு வாராவாரம் துவைக்கிற போர்வை என்றால் யோசிக்காமல் மெஷினுக்கே போங்கள்.

கைத்தையல்மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் பக்கம் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டத்தையல் போட்டுப் போர்வை தைக்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அது நைந்து மெத்தென்று ஆன சேலை, ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். இங்கே கதை வேறு. கிரேசி துண்டுகள் காடாத்துணிமேல்தான் உட்கார்ந்திருக்கும். துண்டு, காடா, பஞ்சு, அடித்துணி என்று நாலு அடுக்கு. இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தில் மடிப்பும் சேர்ந்து ஆறு அடுக்காகிவிடும். அதில் ஒன்று ஜரிகைக் கரையாக இருந்தால் விரல் நுனி புண்ணாகும். மடிப்பை விட்டு ஓரமாகத் தைத்தால் ஓரளவு சுலபம், தையலும் ஃபெதர் ஸ்டிட்சுக்குக் கீழே மறைந்துவிடும். குஷன் உறை அளவுக்கு அப்படித் தைத்திருக்கிறேன், நன்றாகவே வந்தது. கட்டில் அளவுக்குத் தைத்ததில்லை. பொறுமை உள்ளவர்கள் தைக்கலாம்.

இனி முடிச்சு. நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு நேரம் மிச்சமாகும் என்பது காரணமில்லை. பட்டுத்துண்டு ஒருநாள் கிழியும், அப்போது குவில்ட்டைத் திறந்தாக வேண்டும். அதுதான் காரணம்.

பழைய பட்டுச்சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பீரோவில் வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த கோடு தனியாகத் தெரியும். உடல் பக்கம் திடமாக இருந்தாலும் அந்தக் கோட்டில் இழை நொறுங்க ஆரம்பித்திருக்கும். ஜரிகை அழுத்துகிற இடம் இன்னும் மோசம். மியூசியங்களில் இருக்கிற பழைய அமெரிக்க கிரேசி குவில்ட்டுகளிலும் இதே கதைதான். கனம் கூட்டுவதற்காக அந்தக் காலத்தில் பட்டில் வெள்ளீய உப்பு ஏற்றினார்கள், அந்தத் துண்டுகள் இப்போது நீளநீளமாக வெடித்து நிற்கின்றன. பக்கத்தில் இருக்கிற வெல்வெட் அப்படியே இருக்கிறது. அதாவது, போர்வை முழுக்க ஒரே நேரத்தில் வயதாவதில்லை. ஒரு துண்டு போகும், பக்கத்துத் துண்டு இன்னும் முப்பது வருஷம் இருக்கும்.

என்னுடையதிலும் மாம்பழ மஞ்சள் துண்டொன்று கோடு விட்டது. அடிப்பக்கத்தில் அந்த இடத்தைச் சுற்றி நாலைந்து முடிச்சுகளைக் கத்தரித்தேன். ஓரத்தில் பட்டியையும் ஒரு சாண் பிரித்தேன். உள்ளே கை போனது. மேலே அதே நிறத்தில் வேறு துண்டை மடித்து வைத்து, காடாவோடு மட்டும் சேர்த்துத் தைத்து, ஓரத்தில் ஃபெதர் ஸ்டிட்ச் போட்டு, பழையபடி முடிந்துவிட்டேன். சரிசெய்த தையல் எதுவும் அடித்துணியில் தெரியவில்லை. இதையே மெஷின் தையலில் யோசித்துப் பாருங்கள். வரிசை வரிசையாகப் பிரிக்க வேண்டும். காட்டனில் ஊசி ஓட்டை துவைத்தால் மூடிக்கொள்ளும், பட்டில் மூடாது. பிரித்த வழி முழுக்கப் புள்ளிப் புள்ளியாக நிற்கும். கைத்தையலில் ஓட்டை சிறியது, ஆனால் பிரிக்கிற வேலை அதேதான்.

முடிச்சு போடுகிற விதம் சின்ன விஷயம்தான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. அடித்துணி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். நான் போட்டது சென்னிமலை பெட்ஷீட். தரையில் அடித்துணியை இழுத்து விரித்து, மேல்பக்கத்தை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே சேஃப்டி பின் குத்திக்கொண்டு வாருங்கள். பிறகு திருப்பிப் போட்டு, அடியிலிருந்து ஊசியை ஏற்றி, மேலே எம்ப்ராய்டரி நூலுக்குக் கீழே ஒரு கடுகளவு வெளிவந்து, மறுபடி அடிக்கே இறக்கினால் முடிச்சு பின்பக்கம் விழும். முன்னால் எதுவும் தெரியாது. முடிச்சு முதலில் வலம் இடமேல், அடுத்து இடம் வலமேல். இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் கழன்றுவிடும். காட்டன் நூல்தான் பிடிக்கும், பட்டு நூலும் ரேயானும் வழுக்கும். நுனியை ஒட்ட வெட்டாதீர்கள், அரை அங்குலம் விடுங்கள். இடைவெளி மடக்கிய கையின் அகலம், அதாவது நாலு அங்குலம். மூன்று துண்டுகள் சேருகிற மூலைகள் தாமாகவே நல்ல இடங்களாக அமையும்.

முடிச்சில் குறை இல்லாமலில்லை. பஞ்சு ஷீட் வைத்தால் அதன் கவரில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று போட்டிருக்கும். சிலதுக்கு எட்டு, பத்து அங்குலம்கூடப் போதும், சிலதுக்கு நாலு அங்குலமே அதிகம். அதை மதிக்காவிட்டால் பஞ்சு மூலையில் உருண்டு நிற்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி வெயிலுக்குப் பஞ்சே வேண்டாம் என்பது என் கட்சி. நான் ஃபிளானல் துணி ஒன்று வைத்தேன், தட்டையாகப் படிந்தது. ஓசூர் மார்கழிக் குளிருக்கு மெல்லிய பஞ்சு வைக்கலாம். சுவரில் தொங்கவிடுவதாக இருந்தால் முடிச்சுகளுக்கு நடுவே மேல்துணி தொய்யலாம். மேல் வரிசையில் நெருக்கிப் போடத் தோன்றுகிறது, ஆனால் நான் தொங்கவிட்டதில்லை.

துவைப்பது பற்றி. வாளியில் வெள்ளைப் படலம் விடுகிற எங்கள் போர்வெல் தண்ணீரில் பட்டு எம்ப்ராய்டரியை நனைக்கவே மாட்டேன். எந்த முறையில் தைத்தாலும் சிவப்புப் பட்டு சாயம் விட்டால் விட்டதுதான். நிழலில் விரித்து, மேலே கொசுவலைத் துண்டு போட்டு, வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து இழுத்தால் போதும். மடித்து வைக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடியுங்கள். முடிந்தால் மடிக்காமல், பழைய வேட்டி சுற்றிய குழாயில் எம்ப்ராய்டரி வெளிப்பக்கம் வருமாறு சுருட்டி வையுங்கள்.