நாள் தள்ளிப்போனால் எது முதலில்: கிட்டா, ரத்தமா, ஸ்கேனா?

நாள் தள்ளிப்போய் இரண்டு நாள் ஆனதுமே வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிடும். கர்ப்பமா என்று மெடிக்கல் ஷாப்பில் கிட் வாங்கிப் பார்த்துடலாம் என்பார் கணவர், அதை நம்பாதே லேபில் போய் ரத்தம் கொடு என்பாள் அக்கா, எதுக்கு இதெல்லாம், நேரா டாக்டரம்மாகிட்ட போய் ஸ்கேன் எடுத்துடலாம் என்பார் மாமியார். என் ஓட்டு கணவருக்கு. அக்கா சொல்வது சிலருக்கு மட்டும் பொருந்தும். மாமியார் சொல்வதை இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளி வைக்கலாம்.

ஏன் என்று புரிய நாள் கணக்கு தெரிய வேண்டும். டாக்டர்கள் கர்ப்பத்தை, கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வருகிறவருக்குக் கருமுட்டை வெளிவருவதே 14ஆம் நாள் வாக்கில்தான். ஆக முதல் மாதத்தின் முதல் பாதியில் கரு என்று ஒன்றே கிடையாது! அப்புறம் அது உருவாகி, கருப்பையில் வந்து ஒட்ட இன்னும் 6 முதல் 12 நாள் ஆகலாம். ஒட்டிய பிறகுதான் ஹெச்.சி.ஜி என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும், கிட்டும் ரத்தப் பரிசோதனையும் தேடுவது இதைத்தான். நாள் தள்ளிப்போச்சே என்று நீங்கள் யோசிக்கும்போது டாக்டர் கணக்கில் நாலு வாரம் முடிந்திருக்கும்.

கிட்டின் பெரிய வசதி, யாருக்கும் சொல்லாமல் பாத்ரூமிலேயே பார்த்துவிடலாம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் நல்லது. டிராப்பரில் எடுத்து, குழி மாதிரி இருக்கும் இடத்தில் உறையில் போட்டிருக்கிற அளவுக்குச் சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ‘சி’ பக்கம் கோடு வரவில்லை என்றால் கிட்டே கோளாறு, வேறொன்று வாங்குங்கள். ‘டி’ பக்கம் நிறத்தோடு மங்கலாக ஒரு கோடு வந்தாலும் அநேகமாகக் கர்ப்பம்தான். ஆனால் குப்பையில் போட்டதை மத்தியானம் எடுத்துப் பார்த்து, ரெண்டாவது கோடு வந்திருக்கு என்று துள்ளக் கூடாது, ஈரம் காய்ந்தாலும் சாம்பல் நிறத்தில் அப்படி ஒரு கோடு விழும். பெரும்பாலான கிட்டுகளுக்கு ஹெச்.சி.ஜி 25 mIU/ml அளவுக்காவது இருக்க வேண்டும். அதனால் அவசரப்பட்டு முன்னாலேயே பார்த்தாலோ, ராத்திரி முழுக்கத் தண்ணீராகக் குடித்துவிட்டுப் பார்த்தாலோ கர்ப்பம் இருந்தும் இல்லை என்று காட்டலாம். மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள். இந்த ஹார்மோன் ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போகும் என்பதால் அந்த மூன்று நாளில் நிலவரம் மாறிவிடும். (சர்க்கரையிலும் உப்பிலும் சிறுநீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றும் தெரியாது.)

ரத்தத்தில் பார்க்கும் பீட்டா ஹெச்.சி.ஜி இதைவிடக் கூர்மையானது, கிட்டுக்குச் சில நாள் முன்னாலேயே சொல்லிவிடும். எனக்கு இதில் பிடிக்காதது அந்த எண். ரிப்போர்ட்டில் 90 என்று வந்தால், தோழிக்கு 350 வந்ததே, நமக்கு ஏன் இவ்வளவு கம்மி என்று தூக்கம் போய்விடும். நாலாவது வாரத்தில் இரண்டுமே சரியான அளவுதான், ஒற்றை எண்ணை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது. 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுத்து, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டாக்டர் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள், முன்பு கரு கலைந்தவர்கள், கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் கரு தங்கியவர்கள் இதைச் செய்துகொள்வது நியாயம். சிகிச்சையில் கருமுட்டை வெளிவர ஹெச்.சி.ஜி ஊசி போட்டிருந்தால் கிட்டும் பொய் சொல்லும், ரத்தமும் பொய் சொல்லும், அதனால் எப்போது பார்ப்பது என்பதை ஊசி போட்ட டாக்டரிடமே கேளுங்கள்.

ஸ்கேனுக்கு வருவோம். நாலாவது வாரத்தில் உள்வழியாக (பிறப்புறுப்பு வழியாக) எடுத்தாலும் அநேகமாக ஒன்றும் தெரியாது. கருப்பைக்குள் முட்டை மாதிரி ஒரு சின்னப் பை தெரியவே ஐந்து வாரத்தை ஒட்டி ஆகும், துடிப்பு பார்க்க ஆறு வாரமாவது ஆக வேண்டும். அதற்கு முன் போனால் "ஒண்ணும் தெரியலைம்மா, பத்து நாள் கழிச்சு வாங்க" என்பார்கள். பணம் போவதுகூடப் பரவாயில்லை, அந்தப் பத்து நாள் மனசு படும் பாட்டைச் சொல்லி மாளாது. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்து தேதி ஒழுங்காக வராதவர்களுக்கு மட்டும் பிற்பாடு ஸ்கேன்தான் கைகொடுக்கும், கருவின் நீளத்தை அளந்து எத்தனை வாரம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பக்கமாகக் கடுமையான வயிற்று வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றி மயக்கம், தோள்பட்டை வலி என்று ஏதாவது வந்தால் மட்டும் எத்தனை வாரம் என்றெல்லாம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். கரு குழாயில் தங்கியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

வாந்தி வரலையே, அப்போ இல்லையோ என்று கேட்கிற நாலாவது கட்சியும் உண்டு. வாந்தி பொதுவாக ஆறாவது வாரம் வாக்கில்தான் தொடங்கும். முதல் மாதத்தில் வரும் மார்பு வலி, அசதி, எரிச்சல் எல்லாம் தூரமாவதற்கு முன் வருவதைப் போலவே இருக்கும், இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கிட்டுக்குக்கூடச் செலவழிக்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். பிரசவம் தனியாரில் என்று முடிவு செய்திருந்தாலும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அதைக் கேட்பார்கள். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் கிடைக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்குத் தகுதி இருந்தால் 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். அப்படியே ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் கேளுங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூட அது வேண்டும், அந்தக் குழாயோ ஆறாவது வாரம் முடிவதற்குள் மூடிவிடுகிறது. வழக்கமான அளவு தினம் 400 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல், அதை டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள்.