முடிவெடுத்த பின் கேட்பதா, கூட உட்கார்ந்து எழுதுவதா?

பிரிட்டனில் மாற்றுத்திறனாளி உதவித்தொகையைத் திருத்தும்போது மக்களைக் கேட்க இரண்டு வழிகள் கையாளப்பட்டிருக்கின்றன. யோசனைகளை அச்சிட்டு, கேள்விகளோடு கெடுவும் வைத்துப் பதில் வாங்குவது லண்டனில் உள்ள பிரிட்டன் அரசின் வழக்கம். அதற்குப் பெயர் பசுமை அறிக்கை. உதவித்தொகை வாங்குகிறவர்களையே கூட வைத்துத் திட்டத்தை வடிவமைப்பது ஸ்காட்லாந்து முயன்ற வழி.

2025 மார்ச் 18 அன்று வந்த பசுமை அறிக்கையைப் பாருங்கள். பிப் (PIP) என்று எல்லோரும் சொல்லும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையில், ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு உதவி வேண்டும் என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு மொத்தம் 8 புள்ளி இருந்தால் போதும். இனி ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி வாங்கியாக வேண்டும் என்றது அறிக்கை. இடுப்புக்குக் கீழே கழுவிவிட ஆள் வேண்டுமென்றால் 2 புள்ளி, தோளுக்கும் இடுப்புக்கும் இடையே கழுவிவிட ஆள் வேண்டுமென்றால் 4. சமைக்க, குளிக்க, உடுத்த, கழிப்பறை போக என நான்கிலும் தலா 2 வாங்கி 8-ஐத் தொடுகிறவருக்குப் புது விதிப்படி அந்தப் பகுதியில் ஒரு பென்னியும் கிடையாது. இந்த விதி வேண்டுமா வேண்டாமா என்று கேள்வித்தாளில் கேட்கவே இல்லை. பணத்தை இழப்பவர்களுக்கு வேறென்ன ஆதரவு தரலாம் என்றுதான் கேட்டார்கள். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

பதில் அனுப்பக் கடைசி நாள் ஜூன் 30. இந்த விதியைக் கொண்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்ததோ ஜூன் 18.

இது முதல் முறையும் அல்ல. வேலைத்திறன் மதிப்பீட்டை மாற்ற 2023-இல் எட்டே வாரம் கருத்துக் கேட்டார்கள். எலன் கிளிஃபோர்ட் என்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் வழக்குத் தொடுத்தார். அந்தக் கருத்துக்கேட்பு சட்டவிரோதம் என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலருடைய வருமானம் குறையும் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை, கொடுத்த அவகாசமும் போதாது என்பவை முக்கியக் காரணங்கள்.

பசுமை அறிக்கைக்கு ஒரு பலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். படுக்கையை விட்டு எழ முடியாதவரும், எந்தச் சங்கத்திலும் இல்லாதவரும் தன் பாட்டைச் சொல்ல முடியும். ஸ்காட்லாந்தின் குழுமுறையில் அந்த வாசல் குறுகிவிடும். கூட்டத்துக்கு வரத் தெம்பு உள்ளவர்களும் பேசிப் பழகியவர்களுமே முன்னால் வருவார்கள்.

இருந்தும் என் தராசு ஸ்காட்லாந்துப் பக்கமே சாய்கிறது. அங்கே உதவித்தொகை வாங்கி அனுபவப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டோரை 2017-இலேயே அனுபவக் குழுக்களில் சேர்த்தார்கள். விண்ணப்பப் படிவம் எப்படி இருக்க வேண்டும், அதிகாரி எப்படிப் பேச வேண்டும் என்பதுவரை அவர்களிடம் கேட்டார்கள். பிப்புக்குப் பதிலாக 2022-இல் அங்கே தொடங்கிய புது உதவித்தொகையில் தனியார் நிறுவனங்களின் மதிப்பீடு கிடையாது. தன் உடம்பைத் திரும்பத் திரும்ப அந்நியர் முன் நிரூபித்துக் களைத்தவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் புள்ளி அட்டவணை ஏறக்குறைய பழையதேதான். குழுக்கள் நடைமுறையை மாற்றின, தகுதி விதியை அசைக்கவில்லை. இந்த முறையின் எல்லை எது என்பதும் அங்கேயே தெரிகிறது.

2025 ஜூலை 1 அன்று, சொந்தக் கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்பால் லண்டன் அரசு அந்த 4 புள்ளி விதியை மசோதாவிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னது. அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில், மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து பிப் முழுவதையும் ஆராய்வோம் என்று அறிவித்தது. கெடு, 2026 இலையுதிர்காலம். அங்கே உட்காருகிறவர்கள் கையில் புள்ளி அட்டவணையும் இருக்க வேண்டும், படிவத்தின் வாசகத்தோடு அவர்கள் வேலை முடிந்துவிடக் கூடாது. கீழ்ப்பாதி கழுவ 2, மேல்பாதி கழுவ 4 என்பது ஏன் என்று அவர்கள் கேட்டால், பதில் சொல்ல அரசுத் தரப்பில் ஆள் இருக்க வேண்டும்.