கொடைக்கானல் பக்கம் விடுமுறை வீடு: ரிசார்ட் வில்லாவா, சொந்த மனையா, பழைய வீடா?

‘இயற்கையோடு இயைந்த குடியிருப்பு’ என்று பலகை மாட்ட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வீடு கட்டத்தான் வேண்டும். பழனி மலையில் வாங்க வருகிறவர்கள் பலர் முதலாவதில் மயங்கி இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பெருமாள்மலை, வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டி பக்கமானாலும், கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கமானாலும் கைக்கு வருபவை மூன்று வழிகள். ஒன்று, நிர்வாகத்தோடு விற்கப்படும் ரிசார்ட் வளாக வில்லா. இரண்டு, மனை வாங்கி நாமே கட்டுவது. மூன்று, ஏற்கெனவே நிற்கும் பழைய வீட்டை வாங்கிச் செப்பனிடுவது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் தங்கப் போகிறவருக்குப் பழைய வீடு. இருபது முப்பது நாள் மட்டும் வருபவருக்கு, காகிதம் சுத்தமாக இருந்தால் வில்லா. கட்டி முடியும் வரை மலையிலேயே இருக்க ஆள் இருந்தால் மட்டும் சொந்த மனை.

முதலில் காகிதம்

மூன்று வழிக்கும் பொதுவானவை: மூலப்பத்திரம், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) நகல், புலப்படம் (நில அளவை வரைபடம்). இவற்றில் ஆட்கள் தாண்டிப்போவது அ-பதிவேடு. பட்டாவில் பெயர் சரியாக இருக்கும். அ-பதிவேட்டில் நிலம் நிபந்தனை ஒப்படையாகவோ (அரசு நிபந்தனையோடு கொடுத்தது) பஞ்சமி நிலமாகவோ (பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கியது) இருக்கும். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கினால் அந்தக் கிரயம் நிற்காது. புலப்படத்தில் பார்க்க வேண்டியது பாதை. ஜீப் போகிற தடம் வேறு, வரைபடத்தில் உள்ள வழி வேறு. பக்கத்து எஸ்டேட்காரர் சங்கிலி போட்டுவிட்டால் உங்கள் வீடு தீவு.

அடுத்தது மலையிடப் பாதுகாப்புக் குழுமம், ஊர்வாயில் ‘ஹாக்கா’. 1990 முதல் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்து வராமல் மனைப்பிரிவு அனுமதி நகராது. ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு’ என்று மட்டும் சொன்னால், அது அனுமதி இல்லை என்பதற்கான மரியாதையான சொல் என்று எடுத்துக்கொள்ளலாம். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். ஆழ்துளைக் கிணறு போடவும் ஜேசிபி இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

நீலகிரியில் சிக்கல் இன்னும் கூடுதல். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் 1969-இன் ஜன்மம் (பழைய பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு நிலங்கள், அதாவது குத்தகைத் தோட்டங்கள், தீராத வழக்கு. 1949-இன் தனியார் காடுகள் சட்டத்துக்குள் வரும் நிலத்தை அனுமதியின்றி விற்கவே முடியாது. மசினகுடி, பொக்காபுரம் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் 2018-இல் சீல் வைக்கப்பட்டன. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதி செய்தது. 

ரிசார்ட் வில்லா

மனைப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல், வீடுகள் எட்டுக்கு மேல் என்றால் ரேரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். கட்டி விற்பவர்கள் எட்டு எட்டாகப் பிரித்து ‘முதல் கட்டம்’, ‘இரண்டாம் கட்டம்’ என்று காட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள். எல்லாக் கட்டங்களையும் சேர்த்துத்தான் கணக்கு. பதிவு எண் இருந்தால் நமக்கு மூன்று பிடிமானம் கிடைக்கும். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டுமானக் குறைக்கு ஐந்தாண்டு அவர்கள் பொறுப்பு.

எதை விற்கிறார்கள் என்று வரிவரியாகப் படியுங்கள். தனி மனையோடு கூடிய வில்லாவா, பொது நிலத்தில் பிரிபடாத பங்கா, 30 அல்லது 99 ஆண்டுக் குத்தகையா, ஆண்டுக்கு ஏழு நாள் தங்கும் உறுப்பினர் உரிமையா? கடைசியானது வீடே இல்லை, சந்தா. குத்தகைக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் மறுவிற்பனையும் கடினம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் இல்லை. நேரடிக் கிரயத்துக்கு முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

வாடகை வருமானம் என்ற தூண்டிலுக்கு ஒரு கணக்கு. 90 லட்சம் ரூபாய் வில்லா, 1,200 சதுர அடி. ஆண்டில் 110 இரவு, இரவுக்கு 6,000 என்று வைத்தால் 6.6 லட்சம். நிர்வாகத்துக்கு 40 சதவீதம் போனால் 3.96 லட்சம். சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் பராமரிப்பு என்றால் 72,000 கழியும். மிச்சம் 3.24 லட்சம், அதாவது முதலீட்டில் 3.6 சதவீதம். மெத்தை, வர்ணம், கீசர் மாற்றம் இன்னும் கழிக்கவில்லை. மே மாதம் பத்து நாள் நீங்களே வந்து தங்கினால் உச்ச வாடகை நாள்கள் போய்விடும். அதோடு, மலைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. 110 இரவு என்பதைத் துணிந்து எழுதும் விற்பனையாளரிடம் சென்ற ஆண்டின் அறைப் பதிவேட்டைக் கேளுங்கள். ‘உறுதி செய்யப்பட்ட வருமானம்’ என்று சொன்னால் எழுந்துவிடலாம். பலரிடம் பணம் திரட்டி வருமானம் தருவதாகச் சொல்லும் திட்டம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கண்ணில் வீட்டு விற்பனை அல்ல, முதலீட்டுத் திட்டம்.

பசுமை என்பதைச் சோதிப்பது

தண்ணீரும் கழிவுநீரும்தான் பாதி விஷயம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர். பத்து வில்லா, தலா நால்வர் என்றால் 5,400 லிட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 4,300 லிட்டர் கழிவாகத் திரும்பும். இது சனிக்கிழமைக் கணக்கு. செவ்வாய்க்கிழமை இரண்டு வில்லாவில் மட்டும் ஆள் இருந்தால் 860 லிட்டர்தான். சுத்திகரிப்புத் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்கள் நான்கு நாள் பட்டினி கிடந்து, வெள்ளிக்கிழமை இரவு ஐந்து மடங்கு வந்ததும் திணறும்; நாற்றத்தோடு அரைகுறை நீர் கீழே ஓடைக்குப் போகும். மலைக்குளிரில் அவை மெதுவாகவே தேறும். இதோடு மின்வெட்டில், தொட்டிக்குக் காற்று செலுத்தும் காற்றூதி நின்றால் சொல்லவே வேண்டாம். வரத்தைச் சமன் செய்யும் தொட்டி இருக்கிறதா, தொட்டி இரண்டு பாதியாகப் பிரிந்து ஒன்றை மூடி வைக்க முடியுமா என்று பாருங்கள். மின்சாரம் வேண்டாத தடுப்பு அறைத் தொட்டியும் அதன்பின் கல்வாழைப் பாத்தியும் உள்ள வளாகம் இன்னும் நம்பிக்கையானது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவை நகலாக வாங்குங்கள். அமைப்பதற்கான இசைவு மட்டும் போதாது.

ஐஜிபிசி, கிரிகா எனும் பசுமைக் கட்டட மதிப்பீடு என்றால் இறுதிச் சான்றா, முன்சான்றா என்று கேளுங்கள். முன்சான்று வரைபடத்துக்குக் கிடைப்பது. சூடேற்றிய நீச்சல் குளம் வைத்த பசுமை வளாகங்களும் இருக்கின்றன. டிசம்பர் இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகும் ஊரில் அதற்கு எரிப்பது எது என்பதை அவர்களே சொல்லட்டும்.

சொந்த மனை

இங்கே எதிரி சரிவு. மூன்றுக்கு ஒன்று சரிவில் 60 அடி நீள மனை என்றால் மேலுக்கும் கீழுக்கும் 20 அடி வித்தியாசம். சமதளம் வேண்டும் என்று ஒரேயடியாக வெட்டினால் பின்னால் பத்தடி மண்சுவர் நிற்கும். முன்னால் கொட்டிய மண் முதல் ஐப்பசியில் இறங்கும். பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நனைந்த மண்ணின் எடையும் உள்ளே தேங்கும் நீரின் அழுத்தமும்தான் தடுப்புச் சுவரைத் தள்ளுகின்றன. கல் கட்டுமானத் தடுப்புச் சுவருக்கு உயரத்தில் பாதியாவது அடியகலம் வேண்டும். நீர் வடிய மூன்று அங்குலக் குழாயை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக முன்பக்கம் சரித்து வைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓரடி ஜல்லி. ஜல்லியை விட்டுவிட்டுக் குழாய் மட்டும் வைத்தால் இரண்டு மழையில் சேறு அடைத்துக்கொள்ளும். கொத்தனார்கள் அதிகம் விடுவது இதைத்தான். மண்ணை வெட்டாமல் படிப்படியாகத் தூண் மேல் நிறுத்தும் வீடு செலவு கூடியதானாலும் சரிவுக்கு ஏற்றது. 2009 நவம்பரில் நீலகிரியில் கேத்தி, குன்னூர் பக்கம் சரிந்தவற்றில் வெட்டிய சரிவுகள் எத்தனை என்று அங்கே போய்க் கேட்டாலே போதும்.

மழைநீர் கணக்கு நம் பக்கம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்தால், 80 சதவீதம் பிடித்தாலும் ஏறக்குறைய 1.19 லட்சம் லிட்டர். வறண்ட மூன்று மாதத்துக்கு நால்வர் முழுநேரம் இருக்க 48,600 லிட்டர் போதும். ஆகவே 50,000 லிட்டர்த் தொட்டி. அதைச் சரிவில் வீட்டுக்கு மேல்பக்கம் வைத்தால் பம்பு மிச்சம். ஆனால் தொட்டி கசிந்தால் அந்த நீர் அஸ்திவாரத்துக்குத்தான் வரும், எனவே பக்கவாட்டில் வையுங்கள்.

சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல் நன்றாகவே நிற்கும், கூரை இரண்டு மூன்றடி வெளியே நீண்டால். சென்னை வரைபடத்தில் இருக்கும் ஓரடி நீட்டம் இங்கே சாரலுக்கு விருந்து. வேலை ஜனவரியில் தொடங்கி மே முடிய. பொருள்கள் காட் ரோடு ஏறிப் பெரிய லாரியிலிருந்து சின்ன வண்டிக்கு மாறி, கடைசி நூறடி தலைச்சுமையாக வரும். அந்தக் கூலியை மதிப்பீட்டில் யாரும் எழுதுவதில்லை.

வெளிநாட்டு இந்தியர்களுக்கு ஒரு வரி: விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றை அவர்கள் விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் விடாது. காப்பித் தோட்டத்தைப் பத்து சென்ட் துண்டுகளாக விற்கும் ‘பராமரிக்கப்படும் பண்ணை’ யாருக்குமே வேண்டாம். துண்டு கையில் இருக்கும், கட்ட அனுமதி இருக்காது.

பழைய வீடு

நகராட்சி எல்லைக்குள் இருந்தால் சொத்துவரி ரசீது, குடிநீர் இணைப்பு, பழைய வரைபட அனுமதி மூன்றும் கிடைக்க வாய்ப்பு அதிகம். அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக அளந்து பாருங்கள். பிற்காலத்தில் சேர்த்த மாடியும் கண்ணாடி வராந்தாவும் அதில் இல்லாவிட்டால், சீல் வைக்கும்போது அந்தப் பகுதி உங்கள் தலையில்.

உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், மூழ்கினால் உளுத்துவிட்டது. சுண்ணாம்புச் சாந்துக் கல்சுவருக்குச் சிமென்ட் பூச்சு பூசியிருந்தால் ஈரம் உள்ளே சிக்கிக் கீழ் இரண்டடி உதிரும். உடைத்துச் சுண்ணாம்பிலேயே பூச வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் பலகை இல்லாவிட்டால் விடியற்காலையில் பனிநீர் மெத்தையில் சொட்டும். மின்கம்பிகளை முழுதாக மாற்றும் செலவை விலையிலேயே குறைத்துப் பேசுங்கள். தண்ணீர் மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது என்றால், அந்தக் குழாய் போகும் வழியுரிமை கிரையப் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் அடுத்த உரிமையாளர் மூடிவிடுவார்.

ஆளில்லாத வீட்டை நாள்வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே பதிவுக்கு உரிமையாளர் குடும்பம் அங்கே குடியிருக்க வேண்டும். வீட்டு மின் இணைப்பில் விருந்தினரை வைத்தால் வணிகக் கட்டணத்தோடு அபராதமும் வரும். வில்லா வளாகம் இந்த இடத்தில் சற்று முந்துகிறது. உரிமங்களை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்.

வில்லாவை விற்று வெளியேறும் நாளைப் பற்றிய பிரிவு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். ‘முதலில் எங்களிடமே விற்க வேண்டும்’, ‘நிர்வாக ஒப்பந்தத்தை வாங்குபவரும் ஏற்க வேண்டும்’ என்று இருந்தால், விலையை யார், எத்தனை நாளில் முடிவு செய்வது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்.