ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹப் அடாப்டர் மாட்டினேன்: எப்படி இருக்கிறது?

சைக்கிளுக்கு மோட்டார் பூட்டும் கிட் என்றாலே எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் பாதித் தலைவலி பின் சக்கரத்தில் இருக்கிறது. கிட்டோடு வந்த 44 பல் ஸ்ப்ராக்கெட்டை (எஞ்சின் செயின் ஓடும் பல் சக்கரம்), ஸ்போக்ஸுக்கு உள்பக்கம் ஒரு ரப்பர், வெளிப்பக்கம் ஒரு ரப்பர் கொடுத்து 9 போல்ட்டில் இறுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ரப்பர் அமுங்க அமுங்க போல்ட் லூஸாகும், ஒரு பக்கம் கூடுதலாக இறுக்கினால் ஸ்ப்ராக்கெட் கோணிக்கொள்ளும், எஞ்சின் ஸ்போக்ஸையே பிடித்து இழுப்பதால் கம்பி வளையும். எனக்கு மூன்று ஸ்போக்ஸ் போன பிறகுதான் புத்தி வந்தது.

அடாப்டர் என்பது இரண்டாகப் பிளந்த அலுமினிய வளையம். ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தை, சுற்றிக் கவ்விக்கொள்ளும், அதன் மேல் ஸ்ப்ராக்கெட் நேராக உட்காரும். வாங்கும் முன் அது கவ்வ வேண்டிய இடத்தின் விட்டத்தை வெர்னியரில் அளந்துவிடுங்கள், இதில் மட்டும் கண்ணளவு உதவாது. நான் அளந்து வாங்கியும் ஒரு மயிரிழை பெரிதாக இருந்தது. இரண்டு பாதிகளும் நடுவில் ஒட்டிக்கொண்டால் பிடிப்பே இருக்காது, இரு பக்கமும் சமமாகக் கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும். காலி குளிர்பான கேனிலிருந்து ஒரு பட்டை வெட்டிச் சுற்றிய பிறகு நன்றாகக் கவ்வியது.

ஃபிரேமில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, அதன் நுனி பல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்து, கிளட்ச் லிவரைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பக்கவாட்டு ஆட்டம் 1 மி.மீ. கூட இல்லை. மேலும் கீழுமான ஆட்டமும் நின்றுவிட்டது. ரப்பரில் ஸ்ப்ராக்கெட்டை நடு மையத்தில் உட்கார வைக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடியிருக்கிறேன், அது ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் செயின் ஒருமுறை இறுகி ஒருமுறை தொய்யும், எவ்வளவு டென்ஷன் வைத்தாலும் தவறாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று, அடாப்டர் ஸ்ப்ராக்கெட்டை நேராக்குமே தவிர, எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டோடு ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். நீளமான நேர்க் கம்பி ஒன்றைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தோடு ஒட்டி முன்பக்கம் நீட்டிப் பார்த்தேன், வெளியே தள்ளி இருந்தது. ஸ்ப்ராக்கெட் நடுவில் கிண்ணம் போலக் குழிந்திருப்பதால் திருப்பிப் போட்டாலே பல் வரிசை உள்ளே வந்துவிடும். எனக்கு அதிலேயே வேலை முடிந்தது. செயின் ஸ்போக்ஸையும் டயரையும் உரசுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு சரியானதும் டென்ஷனர் (ஃபிரேமில் மாட்டி, செயினை அழுத்தித் தொய்வெடுக்கும் சின்ன உருளை) கிட்டத்தட்டச் சும்மா நிற்கிறது. முன்பு அதைச் சாய்த்து வைத்துத்தான் செயினை வழிக்குக் கொண்டுவருவேன். ஆபத்தான வேலை, ஃபிரேமில் அது நழுவித் திரும்பி ஸ்போக்ஸுக்குள் போனால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். செயின் எங்கே அதிகமாக இறுகுகிறதோ அந்த இடத்தில் சுமார் 12 மி.மீ. தொய்வு விட்டிருக்கிறேன்.

குறை என்றால் கூடவே வந்த போல்ட்டுகள். சாவி வைத்ததுமே தலை மழுங்குகிறது, லாக் நட்டும் கிடையாது. நான் நல்ல போல்ட் தனியாக வாங்கி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். செய்முறைத் தாள் என்று ஒன்று வந்தது, அதில் படம் மட்டும்தான், அதுவும் வேறு மாடல்.

ஹப் கூம்பாகச் சரிந்திருந்தால் இதை வாங்க வேண்டாம், கவ்வாது. ஏற்கெனவே ரிம்மில் கோட்டம் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் தாராளமாக வாங்கலாம். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எனக்கு இரண்டு போல்ட் கால் சுற்று ஏறியது, அப்புறம் இதுவரை சாவியே எடுக்கவில்லை.