போன் காட்டும் மழையும் வன்னி வெயிலும்: பல கோடைகளின் பாவனை அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டு வாய்க்கால் பக்கம் மிளகாயும் கச்சானும் செய்கிற வீடு எங்களுடையது. முற்றத்தில் செத்தல் மிளகாய் காய்கிற நாட்களில் படங்கை எப்போது இழுத்து மூடுவது என்பதுதான் வீட்டில் பெரிய கேள்வி. ஒரு மழை பட்டாலே செத்தல் கறுத்து விலை இறங்கிவிடும். அதனால் வானிலைச் செயலி, சுவர் வெப்பமானி, தண்ணீர் ஊற்றுகிற கூலர், கூரை என்று கோடைக்காக நாங்கள் பாவிக்கிற எல்லாவற்றையும் பற்றி ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

செயலியில் எல்லோரும் முதலில் பார்ப்பது மழைப் படத்தைத்தான். வன்னிக் கோடையில் நம்பிக்கை குறைந்ததும் அதுதான். சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு மின்னலோடு முகில் போட்டு 60 வீதம் என்று காட்டும். ஒட்டுசுட்டானில் ஊற்றிவிட்டுப் போகும், எங்கள் வளவில் புழுதிகூட அடங்காது. அடுத்த நாள் வெறும் வெயில் படம். நாலு மணிக்கு மாங்குளப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் செயலிகளுக்குப் பின்னால் இருப்பவை உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரிகள். ஐரோப்பிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். இலவசச் செயலிகள் பல எடுக்கிற அமெரிக்க மாதிரியின் தரவு 25 கிலோமீற்றருக்கும் கூடிய இடைவெளியில்தான் கிடைக்கிறது. எங்கள் பிற்பகல் இடிமுகிலோ சில கிலோமீற்றர் அகலம்தான் இருக்கும், ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் எழும்பிக் கரைந்துவிடும். அது எந்த ஊருக்கு மேல் எழும்பும் என்று காலையிலேயே சொல்வது அந்தக் கட்டங்களால் ஆகாத காரியம். வளிமண்டலவியல் திணைக்களம் ‘பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் சில இடங்களில்’ என்று சொல்வதைப் பலர் நழுவல் பேச்சு என்பார்கள். எனக்கு அதுதான் நேர்மையான பேச்சாகப் படுகிறது. தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்கிறார்கள்.

சரி, செயலியில் எதை நம்பலாம்? காற்றை. வைகாசி கடைசியிலிருந்து சோளகம் பிடித்தால், வேகமும் திசையும் செயலியில் காட்டுகிறபடியே பெரும்பாலும் இருக்கும். தென்மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்டுபோய்த்தான் எங்கள் பக்கம் இறங்குகிறது. அது சீராக அடிக்கிற நாட்களில் முகில் மேலே குவிவது கடினம். காற்றுத் தளர்கிற நாளில்தான் பிற்பகல் இடி. பக்கத்து வளவு அண்ணை இதைப் போன் இல்லாமலே செய்கிறார்.

“தம்பி, உன்ர போன் என்ன சொல்லுது?”

“மழை இல்லை எண்டு காட்டுது அண்ணை.”

“மழையை விடு. காத்து விழுந்திட்டுதோ எண்டு பார். விழுந்தால் மத்தியானத்தோட மூடு.”

அன்றிலிருந்து நான் திறந்ததும் பார்ப்பது காற்றுப் பக்கத்தைத்தான். பிற்பகலுக்குக் காற்று மணிக்கு 10 கிலோமீற்றருக்குக் கீழே இறங்குகிறது என்றால், என்ன படம் போட்டிருந்தாலும் படங்கு முற்றத்துக்கு வந்துவிடும். மழை வராமல் போகிற நாட்களும் உண்டு. பரவாயில்லை, ஒரு பிற்பகல் வெயில் வீணாய்ப் போவது செத்தல் நனைவதைவிட மேல்.

புயல் போன்ற பெரிய வளிமண்டலக் குழப்பங்களிலும் முன்னறிவிப்பை நம்பலாம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அது எங்கள் கிழக்குக் கரைக்குத்தான் வருகிறது என்று முன்கூட்டியே சொன்னார்கள். புயலைச் சொல்ல முடிகிறது, செத்தலை நனைக்கிற சிறு முகிலைச் சொல்ல முடியவில்லை என்பது விசித்திரமாகத் தெரியும். அளவுதான் வித்தியாசம்.

முகில் எழும்பிவிட்ட பிறகு உதவுவது, இந்தியக் கரையில் இருக்கிற காரைக்கால் ராடாரின் மழைப் படம், இந்திய வானிலைத் துறையின் தளத்தில் இலவசம். காரைக்காலுக்கும் கிளிநொச்சிக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் வருவதற்குள் ராடார் கதிர் நிலத்திலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு மேலே உயர்ந்துவிடும். அதனால் தாழ்ந்த தூறல் அதில் படாது, உயர்ந்த இடிமுகில் படும். அடுத்தடுத்த படங்களில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் சில வேளைகளில் அரை மணித்தியாலம் கையில் கிடைக்கும். இடி கேட்டால் அதற்கு மேல் முற்றத்தில் நிற்க வேண்டாம், செத்தலை விட்டுவிடுங்கள்.

இனி வெக்கை. ஏப்ரல் நடுப்பகுதியில், புதுவருடப் பிறப்பை ஒட்டி, எங்களுக்கு நேர் மேலே சூரியன் நிற்கும். அப்போது காற்றும் இருக்காது. அந்த நாட்களில் வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதில் பயன் குறைவு. 32 பாகையில் ஈரப்பதன் 40 வீதம் என்றால் உடம்புக்கு 33 போலத் தெரியும். அதே 32 பாகையில் 70 வீதம் என்றால் 41. சந்தையில் கிடைக்கிற மலிவான, ஈரப்பதனும் காட்டுகிற வெப்பமானி ஒன்றை விறாந்தையில் வெயில் படாத இடத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். வாங்கியதிலேயே பலன் தந்தது அதுதான். செயலி முல்லைத்தீவு என்று காட்டுவது பெரும்பாலும் கடற்கரைக் கணக்கு. அங்கே பிற்பகலில் கடற்காற்று ஏறும். உள்ளே எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கூலரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆனி, ஆடியில் நல்ல சாமான், சித்திரையில் வாங்கினால் ஏமாற்றம். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதுதான் அதன் வேலை. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை, அறை இன்னும் அவியும். இதைச் சோதிக்கக் கடைக்குப் போகத் தேவையில்லை. குசினியில் இருக்கிற மண்பானையைத் தொட்டுப் பாருங்கள். சோளக நாட்களில் பானைத் தண்ணீர் பல் கூசும். சித்திரைப் புழுக்கத்தில் பானையின் வெளிப்பக்கம் ஈரமாகவே கிடக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பானை குளிர்கிற காலத்தில்தான் கூலரும் குளிரும்.

தகரக் கூரைக்குச் செலவழிக்கிற காசு எல்லாவற்றையும்விட வீட்டுக்கு உதவும். மேலே சுண்ணாம்பு அடித்தோம். நல்ல மாற்றம், ஆனால் மாரி மழையோடு கழுவுண்டு போகும், வருடா வருடம் அடிக்க வேண்டும். பிறகு தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பனையோலை கட்டினோம். மத்தியானம் அந்த அறையில் இப்போது பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள். எலியும் பூச்சியும் சேரும் என்பது உண்மை, இரண்டு வருடத்துக்கொருமுறை பிரித்து மாற்ற வேண்டும். அடுப்புப் பக்கம் மட்டும் ஓலை வேண்டாம்.

கூலரை ஆவணி முடியக் கழுவி, தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்து உள்ளே எடுத்து வைக்கிறோம். தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும். மாரி தொடங்கினால் டெங்குக் காலம்.